சாப்பிட மறுக்கும் ஆட்டிசக் குழந்தை: முதலில் வயிற்றைப் பாருங்கள்



"வெள்ளைச் சோறு, அப்பளம், ஒரே கம்பெனி பிஸ்கட். வேறு எதையும் தொடுவதில்லை." ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் பலரும் சொல்வது இது. வீட்டுப் பெரியவர்களோ, "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும்" என்பார்கள். அது ஏன் சரியல்ல, என்ன செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறோம்.

ஏன் மறுக்கிறது?

1943-ல் ஆட்டிசம் பற்றி எழுதிய மருத்துவர் லியோ கேனர், தாம் பார்த்த 11 குழந்தைகளில் பலருக்கு உணவுச் சிக்கல் இருந்ததை அப்போதே குறித்திருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு வாசனை, சூடு, நிறம், மொறுமொறுப்பு எல்லாம் நம்மைவிட அதிகமாக உறைக்கலாம். பிஸ்கட் ஒவ்வொரு கடிக்கும் ஒரே மாதிரி இருக்கும். நோன்புக் கஞ்சியில் ஒரு வாய்க்குக் கறி வரும், அடுத்த வாய்க்குப் பருப்பு வரும். நமக்கு அது ருசி. அந்தப் பிள்ளைக்கு அதிர்ச்சி. பசி என்ற உணர்வே சிலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால் பட்டினி போட்டால் வழிக்கு வராது, எடைதான் குறையும்.

வயிற்றில் என்ன நடக்கிறது?

சோறும் பிஸ்கட்டும் பாலும் மட்டுமே சாப்பிட்டால் நார்ச்சத்து கிடைக்காது, மலம் இறுகும். ஒருமுறை வலித்தால் பிள்ளை பயந்து அடக்கும். அடக்க அடக்க இன்னும் இறுகும், பசியும் குறையும். பேச்சு வராத பிள்ளையால் வலியைச் சொல்ல முடியாது. வயிற்றை மேசை விளிம்பில் அழுத்துவது, இரவில் விழித்து அழுவது, தன்னையே கடிப்பது ஆகியவை வலியின் அடையாளமாக இருக்கலாம். உள்ளாடையில் நீர்த்த மலம் அடிக்கடி ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு என்று நீங்களே மருந்து கொடுக்காதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி ஒழுகுவதாகவும் இருக்கலாம்.

மருத்துவர் தரும் மலமிளக்கியை இரண்டு நாளில் நிறுத்திவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் தேவைப்படும். மாத்திரை உறையின் ஜெலட்டின் பற்றித் தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்; சிரப்பாகவும் பொடியாகவும் மருந்துகள் உண்டு. சாப்பிட்டதும் குடல் இயங்கும் என்பதால், உணவுக்குப் பின் 5 முதல் 10 நிமிடம் கழிவறையில் உட்கார வையுங்கள். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் பசி அடங்கும், இரும்புச்சத்தும் குறையலாம்.

தட்டில் என்ன செய்யலாம்?

வயிற்று வலி தீர்ந்த பிறகு உணவைக் கூட்டுவது எளிது.

- பிள்ளை சாப்பிடும் உணவை நிறுத்தாதீர்கள். அதன் பக்கத்தில் புதியதை ஒரு சிட்டிகை அளவு வையுங்கள்.
- பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது எல்லாமே முன்னேற்றம்தான். விழுங்க வற்புறுத்தாதீர்கள்.
- ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். வெள்ளைச் சோறு பிடித்தால் அடுத்து நெய்ச்சோறு, பிறகு காரமில்லாத குஸ்கா.
- மருந்தையோ காயையோ பிடித்த உணவில் ஒளிக்காதீர்கள். தெரிந்துவிட்டால் அந்த உணவையும் பிள்ளை விட்டுவிடும்.
- கோதுமையும் பாலும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நாலே உணவு சாப்பிடும் பிள்ளையிடம் இரண்டைப் பறிப்பது ஆபத்து.

எப்போது தாமதிக்கக் கூடாது?

எடை குறைதல், மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, வயிறு உப்பி வலித்தல், தண்ணீரும் குடிக்க மறுத்தல் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். பழமும் காயும் தொடாத ஆட்டிசப் பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி நோய் வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. ஈறில் ரத்தம் கசிவதும், கால் வலியால் நடக்க மறுப்பதும் அதன் அறிகுறிகள்.

திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் திருவள்ளூர் சென்று, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவரைப் பார்க்கலாம். ஒரு வாரம் பிள்ளை சாப்பிட்டதையும் மலம் கழித்த நாட்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உணவுப் பயிற்சிக்கு, முட்டுக்காட்டில் உள்ள ஒன்றிய அரசின் நிப்மெட் நிறுவனத்தை அணுகலாம்.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலீமா விருந்துக்கு ஒரு தாய் தன் பிள்ளைக்கென்று தனி டப்பாவில் சோறு கொண்டுவந்தால் காரணம் கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.