ஓட்டுச்சீட்டின் கடைசி வரிகள் – 9: ஹோமியோபதி போட்ட வழக்கு

போன வாரம் மிச்சிகன் மாநிலக் கவுன்டிகளின் வடிகால் ஆணையரோடு நிறுத்தியிருந்தோம். கால்வாய்க்கும் தேர்தல் எதற்கு என்பதற்கான பதில் அங்கேயே இருக்கிறது. மேலே போகலாம்.

அதே ஓட்டுச்சீட்டில், அதிபர், செனட்டர், சட்டமன்ற உறுப்பினர் எல்லாம் முடிந்து, வடிகால் ஆணையர் வருவதற்குச் சற்று முன்னால் மூன்று பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ரீஜென்ட்கள், மிச்சிகன் ஸ்டேட்டுக்கு டிரஸ்டிகள், டெட்ராய்ட்டிலுள்ள வெய்ன் ஸ்டேட்டுக்கு கவர்னர்கள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. குழுவுக்கு 8 பேர்; பதவிக்காலம் 8 ஆண்டுகள்; சம்பளம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவிலும் இரண்டு இடங்களுக்குத் தேர்தல். கட்சி வேட்பாளராகவே நிற்கிறார்கள். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. பல்கலைக்கழகத் தலைவரை நியமிப்பது, நீக்குவது, கல்விக் கட்டணம், பட்ஜெட் எல்லாம் இவர்கள் கையில். அம்மாநிலத்தின் மற்ற 10 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆளுநர்தான் குழுவை நியமிக்கிறார்.

இந்த வேட்பாளர்களைக் கட்சிகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

மிச்சிகனின் முதல் அரசியல் சட்டத்தின் காலத்தில் ரீஜென்ட்களை ஆளுநர் நியமித்தார். சட்டமன்றம் எல்லாவற்றிலும் தலையிட்டது. பல்கலைக்கழகம் தத்தளித்தது. 1850-ல் எழுதிய புதிய அரசியல் சட்டம், ரீஜென்ட்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், பல்கலைக்கழக நிர்வாகமும் செலவும் அவர்கள் பொறுப்பு என்று மாற்றியது. அந்த மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடுமா, நடைமுறைக்கு வருமா என்பதைச் சோதித்துப் பார்த்தது ஹோமியோபதி.

அன்றைய அமெரிக்காவில் ஹோமியோபதிக்குப் பெரிய செல்வாக்கு இருந்தது. ரத்தம் வடிப்பதையும் பாதரச மருந்தையும் கண்டு பயந்த குடும்பங்கள் அந்தச் சர்க்கரை உருண்டைகளை நாடின. அவர்கள் ஓட்டுள்ளவர்கள். சட்டமன்றம் 1855-ல் ஒரு சட்டம் போட்டது: ஆன் ஆர்பரிலுள்ள பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையில் எப்போதும் குறைந்தது ஒரு ஹோமியோபதிப் பேராசிரியராவது இருக்க வேண்டும். மருத்துவப் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். 1847-ல் உருவான அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை, அத்தகைய வைத்தியரோடு சேர்ந்து நோயாளியைப் பார்ப்பதையே தடுத்திருந்தது. ரீஜென்ட்கள் யாரையும் நியமிக்கவில்லை.

உடனே ஒருவர் ரிட் மனுவோடு மாநில உச்ச நீதிமன்றம் போனார். 1856-ல் மனு தள்ளுபடியானது. ஆனால் சட்டமன்றம் பெரிதா, ரீஜென்ட் குழு பெரிதா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவில்லை. 1867-ல் சட்டமன்றம் பணத்தைக் காட்டியது. பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு வரிப் பங்கு உண்டு, ஹோமியோபதிப் பேராசிரியரை நியமித்தால் மட்டும். பல்கலைக்கழகத்துக்குப் பணம் மிகவும் தேவைப்பட்ட காலம் அது. அப்போதும் ஆன் ஆர்பர் மருத்துவத் துறைக்குள் ஹோமியோபதியை ரீஜென்ட்கள் விடவில்லை. இரண்டே ஆண்டுகளில் சட்டமன்றம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

1875-ல் ஒரு சமரசம். மருத்துவத் துறையோடு சேராமல், ஆன் ஆர்பரிலேயே தனி ஹோமியோபதிக் கல்லூரி. இருபது ஆண்டுகள் கழித்து, அந்தக் கல்லூரியை டெட்ராய்ட்டுக்கு மாற்றச் சொல்லி 1895-ல் சட்டமன்றம் மறுபடி சட்டம் போட்டது. ரீஜென்ட்கள் முடியாது என்றார்கள். மறுபடி ரிட். ‘ஸ்டெர்லிங் எதிர் ரீஜென்ட்கள்’ என்ற அந்த வழக்கில்தான், நாற்பது ஆண்டுகளாகத் தீராத கேள்விக்கு 1896-ல் பதில் கிடைத்தது. சட்டமன்றத்துக்கு அதிகாரம் தந்த அதே அரசியல் சட்டம்தான் ரீஜென்ட்களுக்கும் தந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தை நடத்துவது பற்றி சட்டமன்றம் அவர்களுக்கு உத்தரவிட முடியாது. கல்லூரி இடம் மாறவில்லை. 1922-ல் அது மூடப்பட்டது. தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

மருந்து பலித்ததா இல்லையா என்பதல்ல இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது. எந்தப் பாடத்தை யார் கற்பிப்பது என்று சட்டமன்றம் சொன்னபோது, ‘எங்களையும் மக்கள்தான் அனுப்பினார்கள்’ என்று பதில் சொல்லும் நிலையில் எட்டுப் பேர் இருந்தார்கள். நியமன உறுப்பினர் யாரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியும்?

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எப்போதும் சரியாக நடந்தார்கள் என்பதில்லை. பல்கலைக்கழகத்தை ஜெர்மானிய ஆராய்ச்சி முறையில் வளர்த்த ஹென்றி டப்பன் என்ற தலைவரை 1863 ஜூனில் ரீஜென்ட்கள் பதவி நீக்கினார்கள். நீக்கியவர்களுக்கு மாற்றாகப் புதிய குழுவை மக்கள் ஏப்ரலிலேயே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதவியேற்பு மட்டும் ஜனவரிக்குக் காத்திருந்தது. போகிற போக்கில் செய்துவிட்டுப் போனார்கள். ஐரோப்பாவுக்குப் போன டப்பன் 1881-ல் சுவிட்சர்லாந்தில் இறந்தார்.

பக்கத்து மாநிலமான இலினாய் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கும் அப்போது பல்கலைக்கழக டிரஸ்டிகளுக்கு மாநிலத் தேர்தல் இருந்தது. ஆளுநர் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டில்லை. ஆனால் 1891-ல் வந்த சட்டம், கல்வி சார்ந்த பதவிகளுக்கு அவர்கள் ஓட்டுப் போட வழி செய்தது. 1894-ல் குடியரசுக் கட்சியின் லூசி ஃப்ளவர் டிரஸ்டியாக வென்றார். அந்த மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அவர். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் ஒரு பெண்தான். 1990-களில் இலினாய் இந்தத் தேர்தலையே கைவிட்டு, நியமனத்தை ஆளுநரிடம் கொடுத்துவிட்டது. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

சட்டமன்றத்தால் தொட முடியாத குழு தவறும்போது யார் தட்டிக் கேட்பது? மிச்சிகன் ஸ்டேட் மருத்துவர் லாரி நாசரின் பாலியல் குற்றங்கள் அம்பலமானபோது, பல்கலைக்கழகத் தலைவர் லூ ஆனா சைமன் விலக வேண்டும் என்று மாநிலக் கீழவை 2018 ஜனவரியில் தீர்மானம் போட்டது. யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் கோரிக்கை அது. அவரை நீக்கும் அதிகாரம் அவைக்கு இல்லை. நாசருக்குத் தண்டனை விதித்த அன்றிரவே சைமன் பதவி விலகினார். நவம்பர் தேர்தலில் இரண்டு டிரஸ்டி இடங்கள் வந்தன. இரண்டிலும் இருந்த குடியரசுக் கட்சியினர் மறுபடி நிற்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் இருவர் வென்றார்கள். 1896-ல் சட்டமன்றத்தைத் தள்ளி நிறுத்திய அதிகாரத்திடம் முதலில் கணக்குக் கேட்க வேண்டியவர் வாக்காளர்தான். அவர் கேட்காமல் போனால் வேறு யாராவது கேட்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. முதல் பக்கத்தோடு ஓட்டுச்சீட்டை மடித்துவிடுகிற ஒவ்வொருவரிடமும் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்.

ஆனால் வாக்காளர் கையில் சீட்டு வருவதற்குள் பாதி முடிவு எடுத்தாகிவிடுகிறது. இந்தப் பதவிகளுக்கு மிச்சிகனில் கட்சிக்குள் முதற்கட்டத் தேர்தல் கிடையாது. கட்சி மாநாட்டில் கூடும் பிரதிநிதிகள்தான் வேட்பாளரை முடிவு செய்கிறார்கள். இந்த வாரம் சொல்வதாக இருந்த கதை அதுதான். அடுத்த இதழில் மாநாட்டுக்குள் நுழைவோம்.

(தொடரும்)