எண் திரைக்கு வரும் வழி

தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகில் ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி வருகிறது. நாங்குநேரியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் படிக்கும் பிள்ளைகள் கணினி விளையாட்டைத் தாங்களே செய்து பார்க்க அது நல்ல தொடக்கம். அமெரிக்காவின் எம்ஐடி 2007இல் வெளியிட்ட இந்த மொழியில், ‘ஸ்கோர்’ என்று, மதிப்பைச் சேமித்து வைக்கும் ஒரு மாறியை உருவாக்கி, பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டால் போதும். திரையின் மூலையில் எண் வந்துவிடும். விளையாட்டில் உள்ள பூனை பந்தைத் தொடும்போதெல்லாம் அந்த எண் ஏறும்படி வைக்கலாம். அந்த எண்ணை இருமுறை சொடுக்கினால் பெரிதாகும். மறுபடியும் அப்படிச் செய்தால், இழுத்து மாற்றும் ஸ்லைடர் ஆகும்.

இவ்வளவு எளிதாகக் கிடைப்பதால் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகிறது. ஸ்கோர் வேறு, திரையில் தெரியும் ஸ்கோர் வேறு. ஊர் மைதானத்து கிரிக்கெட்டில் கணக்கு இருப்பது ஸ்கோரரின் நோட்டில். பலகையில் சாக்பீஸால் எழுதுவது இன்னொரு பையன். அவன் கவனம் சிதறினால் நோட்டில் 87, பலகையில் 81.

எண்ணைத் திரைக்குக் கொண்டுவருவதே தனி வேலை. 1250 என்ற மதிப்பு நினைவகத்தில் 10011100010 என்று இரும எண்ணாக இருக்கிறது. நிரல் அதைப் பத்தால் வகுத்து வகுத்து மீதிகளை எடுக்கிறது: 0, 5, 2, 1. பின்னாலிருந்து கிடைத்த இந்த இலக்கங்களைத் திருப்பி அடுக்கி, ஒவ்வொன்றையும் எழுத்துருவில் வரைகிறது. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது, மதிப்பு மாறாமலே இருந்தாலும் இந்தக் கணக்கை 60 முறை போடுவது வீண். அனுபவமுள்ள நிரலர்கள், மாறியின் மதிப்பு மாறுகிற இடத்திலேயே திரைப் பகுதிக்குச் செய்தி அனுப்ப ஏற்பாடு செய்து, அப்போது மட்டும் எழுத்தை மாற்றுவார்கள். எழுத்துருவிலும் நுணுக்கம் உண்டு. பலவற்றில் 1 ஒல்லி, 8 அகலம். வேகமாக ஓடும் கடிகாரத்தில் அவற்றைப் போட்டால் எண் முழுவதும் இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்தில் உள்ள எழுத்துருதான் அங்கே வேண்டும்.

காட்டும் வேலையில் நேர்ந்த பிழைக்குப் புகழ்பெற்ற சான்று, ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட பேக்-மேன். எந்தச் சுற்றில் ஆடுகிறோம் என்பதைத் திரையின் அடியில் பழப் படங்களாக அது வரைந்து காட்டும். சுற்று எண்ணுக்கு ஒதுக்கப்பட்டது ஒரே பைட். 255 வரைதான் கொள்ளும். 256ஆம் சுற்றில் எண் சுழியத்துக்குத் திரும்பிவிட, பழம் வரையும் பகுதி தடுமாறி 256 படங்களை வரையத் தொடங்குகிறது. அடிவரிசையில் இடம் தீர்ந்து, ஆடுகளத்தின் வலப்பாதி எழுத்தும் குப்பையுமாக நிரம்புகிறது. அந்தச் சுற்றை முடிக்க வழியே இல்லை. ஆடுபவரைப் பேய்கள் துரத்தும் விதியில் எந்தக் கோளாறும் இல்லை. வெறும் தகவல் காட்ட எழுதிய சில வரிகள் ஆட்டத்தையே முடித்துவிட்டன!

எண்ணைத் திரையில் காட்டும் வேலை விளையாட்டோடு நிற்பதில்லை. நாங்குநேரியிலிருந்து நாகர்கோவில் சாலையில் தெற்கே போனால் மேற்கில் தெரியும் மலைத்தொடரில் மகேந்திரகிரி இருக்கிறது. அங்குள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில்தான், சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினை 2023 பிப்ரவரி 24 அன்று 25 வினாடி எரித்துச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 மாலை, லேண்டர் சுமார் 30 கி.மீ. உயரத்திலிருந்து இறங்கியபோது, உயரத்தையும் வேகத்தையும் காட்டிய எண்களைத்தான் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. விளையாட்டுத் திரையில் இருக்கும் அதே ஏற்பாடு. ஆனால் இங்கே மாறி இருந்தது நிலவில். ரேடியோ அலை அங்கிருந்து வந்துசேர ஏறக்குறைய 1.3 வினாடி ஆகும். பெங்களூருத் திரையில் தெரிந்த ஒவ்வொரு எண்ணும் அந்த அளவுக்காவது பழையது.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 இறங்கியபோது திட்டமிட்ட பாதை சிவப்பாகவும் உண்மைப் பாதை பச்சையாகவும் திரையில் ஓடின. பச்சை விலகியது, பிறகு அசையாமல் நின்றது. சிக்னல் அறுந்ததால், கடைசியாக வந்த மதிப்பையே திரை காட்டிக்கொண்டிருந்தது. 2.1 கி.மீ. உயரம்வரை எல்லாம் இயல்பாக இருந்ததாக இஸ்ரோ அறிவித்தது.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளிலும் இந்தச் சிக்கல் அன்றாடம் வருகிறது. தொடர்பு தடைபட்டால் எதிராளியின் உயிர்ப்பட்டை பழைய மதிப்பிலேயே நிற்கும். ஆடுபவர் அதை நம்பிச் சுடுவார். இதனால்தான் பல விளையாட்டுகள் ‘பிங்’ என்ற தாமத அளவை மில்லிவினாடிகளில் ஓரத்தில் காட்டுகின்றன. தொடர்பு மோசமானால் எச்சரிக்கைக் குறியும் தோன்றும்.