பந்தயக் களமும் தலைவர் நாற்காலியும்

கார்ப் பந்தயத்திற்கு வேகம் மட்டும் போதுமா? வண்டிச் சோதனை, ஓட்டுநர் உரிமம், கொடி காட்டுவோர், மருத்துவ ஊர்தி அனைத்தும் முறைப்பட அமைய வேண்டும். களத்தில் ஓட்டியவரே அவற்றை நிர்வகித்தால் நலமன்றோ?

சென்னையின் விக்கி சந்தோக் அவ்வாறு உயர்ந்தவர். தந்தை இந்து சந்தோக், 1971இல் தோன்றிய இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கக் கூட்டமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். பந்தயங்களிலும் ராலிகளிலும் கார் ஓட்டிய விக்கி, பின்னர் அக்கூட்டமைப்பின் தலைவரானார். 2011இல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது அப்பொறுப்பில் இருந்தார். மகன் கருண் 2010இலேயே பார்முலா ஒன் களம் கண்டார்.

எங்கள் வடபழனிப் பட்டறைகளில் எஞ்சின் பிரிக்கும் இளைஞர்க்கு அத்தகைய தந்தையர் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு அக்குறை நன்கு தெரியும். வழியறிந்தோர் தலைமை ஏற்பது, வழியறியாதோர்க்கும் வாயில் திறக்கவே ஆகுக!