ஐம்பதாண்டு கடந்த இசைத்தட்டும் அதன் மறுபதிப்பும்

பழைய நூலொன்று மீண்டும் அச்சேறி வரும்போது கற்றோர் முதலில் கேட்கும் கேள்வி, இது வெறும் மறு அச்சா, திருந்திய பதிப்பா என்பதேயாகும். எந்தச் சுவடியை மூலமாகக் கொண்டனர், பாடவேறுபாடுகளை எவ்வாறு தீர்த்தனர், ஆசிரியன் கருதிய பாடம் இதுதான் என்பதற்குச் சான்று யாது என்றெல்லாம் அக்கேள்வி விரியும். அச்சுக்கும் ஏட்டுக்கும் உரிய இவ்வினாக்கள் ஓர் இசைத்தட்டுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு நல்லதொரு சான்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர் 'பீட்டில்ஸ்' என்னும் பெயரில் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்னும் மெல்லிசைத் தொகுதியாகும். அதன் ஐம்பதாம் ஆண்டு மறுபதிப்பு 2017 மே 26 அன்று வெளிவந்தது. மேனாட்டு மெல்லிசைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என்று நம் மூத்தோர் புருவம் உயர்த்தலாம். பதிப்பியலும் சுவடியியலும் பாடமாகப் பயிலும் மாணவர்க்கு இதில் வேலை உண்டு என்பதே நம் விடை.

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் தம் முதல் தொகுதியின் பதினான்கு பாடல்களுள் பத்தினை 1963 பிப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளில் பாடிப் பதிந்தவர்கள். அன்று இசைத்தட்டு என்பது மேடைப் பாட்டின் நகல், அவ்வளவே. 1966 ஆகஸ்டு 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய நிகழ்ச்சியோடு அவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடுவதை விடுத்தனர். கூட்டத்தின் கூச்சலில் தாம் வாசிப்பது தமக்கே கேட்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் லண்டன் ஆபி சாலையிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் நுழைந்தவர்கள், 1967 ஏப்ரல் வரை அங்கேயே உழைத்தனர். மேடையில் பாட வேண்டிய தேவை இல்லாமையால், மேடையில் பாட இயலாத பாட்டையும் ஆக்கலாம் என்னும் எண்ணம் பிறந்தது. பதிவுக்கூடமே ஓர் இசைக்கருவியாயிற்று.

நான்கு தடங்கள்

இம்மறுபதிப்பின் அருமையை உணர வேண்டுமாயின் அக்காலத்து ஒலிப்பதிவு முறையைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். அன்று கூடத்தில் இருந்த கருவி, ஓர் அங்குல அகல நாடாவில் நான்கு தடங்களை மட்டுமே பதியவல்லது. முரசும் கிதாரும் ஒரு தடத்தில், குரல் வேறொன்றில் என நான்கும் நிறைந்துவிட்டால் அதற்குமேல் இடமில்லை. அப்போது அந்நான்கையும் கலந்து, இரண்டாவது கருவியின் நாடாவில் ஒன்றிரண்டு தடங்களாக ஒடுக்கிப் பதிவர். எஞ்சிய தடங்கள் புதிய ஒலிகளுக்குக் கிடைக்கும். நான்கு கலயங்களில் உள்ளவற்றை ஒரு கலயத்தில் ஊற்றிவிட்டு மற்றவற்றைக் காலி செய்துகொள்வது போன்றது இது. ஆனால் குழம்பில் கரைந்த உப்பைப் பின்னர் எடுக்க இயலாது. முரசு மிகையாயிற்று, குரல் தாழ்ந்தது என்று பிற்பாடு வருந்திப் பயனில்லை. அன்றியும், ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும், ஒலியின் கூர்மை மழுங்கும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கைக்குக் கை பிழை மிகுவது போலவே இதுவும்.

தொகுதியின் இறுதிப் பாடலாகிய 'எ டே இன் த லைஃப்' இக்கட்டுப்பாட்டை மீற முனைந்த முயற்சிக்குச் சான்று. நாற்பது இசைக்கலைஞர் கொண்ட குழுவை 1967 பிப்ரவரி 10 அன்று வரவழைத்து, இருபத்துநான்கு தாளக்கட்டுகளுக்குள் ஒவ்வொருவரும் தத்தம் கருவியின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை தம் போக்கில் ஏறுமாறு பணித்தனர். அருகிலிருப்பவரைப் பின்பற்றக் கூடாது என்பது கட்டளை! ஒன்றுபட்டு இசைப்பதையே வாழ்நாள் முழுதும் பயின்ற அக்கலைஞர்க்கு இது எத்துணை விந்தையாக இருந்திருக்கும்! அதனைப் பலமுறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஒரு கருவியின் நான்கு தடங்கள் போதவில்லை. கென் டவுன்செண்ட் என்னும் பொறியாளர் இரண்டு பதிவுக் கருவிகளை ஒருசேர ஓடச் செய்யும் வழியொன்றைக் கண்டு உதவினார். பாடலின் முடிவில், பியானோக்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் ஓங்கி அழுத்திய ஒற்றைச் சுரக்கூட்டு நாற்பது நொடிகளுக்கு மேல் நின்று தேய்கிறது. ஒலி தேயத் தேயப் பதிவின் அளவை உயர்த்திக்கொண்டே சென்றமையால், கூடத்தின் மெல்லிய அரவங்களும் அதில் கேட்கும்.

இரண்டு பாடங்கள்

பதிப்பியல் மாணவர் கவனிக்கத்தக்க செய்தி இனித்தான் வருகிறது. இத்தொகுதி 1967ஆம் ஆண்டிலேயே இரு வேறு பாடங்களாக வெளிவந்தது. ஒன்று மோனோ, மற்றொன்று ஸ்டீரியோ. எல்லா ஒலியும் ஒரே வாயிலாக வருவது மோனோ. இடம், வலம் எனப் பகுத்து இரு ஒலிபெருக்கிகள் வழியே தருவது ஸ்டீரியோ. அன்று இங்கிலாந்தின் பெரும்பாலான வீடுகளில் மோனோ கருவிகளே இருந்தன. ஆகவே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் மோனோ கலவைக்கே பெரும் உழைப்பைச் செலவிட்டனர். நால்வரும் அதில் ஈடுபட்டுக் கருத்துரைத்தனர். ஸ்டீரியோ கலவையோ பின்னர்ச் சில நாட்களில் விரைந்து முடிக்கப்பட்டது.

இவற்றிடையே உள்ள வேறுபாடுகள் சிறியன அல்ல. 'ஷீ ஈஸ் லீவிங் ஹோம்' என்னும் பாடல் மோனோவில் சற்று விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கிறது. ஸ்டீரியோவில் அது தாழ்ந்து, தளர்ந்து நடக்கிறது. வீட்டைவிட்டு வெளியேறும் மகளையும் தவிக்கும் பெற்றோரையும் பற்றிய பாடல் அது. சுருதி மாறினால் மகளின் வயதே மாறிவிட்டது போல் நமக்குத் தோன்றுகிறது. முன்னட்டைப் பாடல் மறுமுறை வரும் இடத்திலும் இரு பாடங்களும் ஒத்திருக்கவில்லை. மோனோவில் கூட்டத்தின் ஆரவாரம் வேறு, மெக்கார்ட்னியின் கூவலும் தெளிவாகக் கேட்கும்.

ஆக்கியோர் தம் கைப்பட ஒப்புதல் தந்த பாடம் மோனோ. ஆனால் உலகம் கேட்டது எதனை? காலப்போக்கில் மோனோ கருவிகள் வழக்கொழிந்தன. 1987 ஜூன் மாதம் இருபதாம் ஆண்டையொட்டிக் குறுவட்டு வந்தபோது அதில் இடம்பெற்றது ஸ்டீரியோ பாடமே. மோனோ பாடம் குறுவட்டில் முறையாகக் கிடைத்தது 2009 செப்டம்பரில்தான். இடைப்பட்ட தலைமுறையினர், விரைவில் முடிக்கப்பட்ட பாடத்தையே மூலம் என நம்பி வளர்ந்தனர். சிறந்த ஏடு பேழையில் உறங்க, கிடைத்த ஏடு அச்சேறிப் புகழ் பெறுவது தமிழ் நூல்களின் வரலாற்றிலும் புதிதன்று.

2017ஆம் ஆண்டு மறுபதிப்பைச் செய்தவர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின். தந்தை 2016 மார்ச்சில் மறைந்துவிட்டார். இத்தொகுதி வெளிவந்தபோது ஜைல்ஸ் பிறக்கவேயில்லை. அவர் பிறந்தது 1969இல். பொறியாளர் சாம் ஓகெல் துணையுடன் அவர் கைக்கொண்ட முறை பாராட்டத்தக்கது. ஒடுக்கிப் பதிவதற்கு முந்தைய நாடாக்களை இ.எம்.ஐ. நிறுவனம் அழிக்காமல் பாதுகாத்திருந்தது. கலயங்களில் ஊற்றிக் கலப்பதற்கு முன்னிருந்த பொருள்கள் தனித்தனியே கிடைத்தன என்று கொள்ளலாம். அவற்றை மீண்டும் ஒருங்கிணைத்து, மோனோ பாடத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு புதியதொரு ஸ்டீரியோ கலவையை உருவாக்கினர். 'ஷீ ஈஸ் லீவிங் ஹோம்' தன் பழைய விரைவையும் சுருதியையும் மீளப் பெற்றது. பழைய ஸ்டீரியோவில் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ரிங்கோவின் முரசு நடுவே வந்து நின்றது. மூத்த படிகளைத் தேடி, ஆசிரியன் கருத்தை அளவுகோலாகக் கொண்டு பாடம் தேர்வது போன்ற செயலே இது.

எனினும் முழு உடன்பாடு நமக்கு இல்லை. புதிய கலவையில் முரசும் தாழ்சுரக் கிதாரும் இன்றைய செவிக்கு ஏற்ப ஓங்கியிருக்கின்றன. தெளிவு மிகுந்தமையால், கருவிகள் ஒன்றோடொன்று கலந்து எழுந்த பழைய மயக்கம் சில இடங்களில் குறைகிறது. உரையாசிரியர் மூலத்தைத் தெளிவாக்கும்போது கவிஞன் வேண்டுமென்றே விட்ட இருளையும் நீக்கிவிடுவது உண்டல்லவா? ஆனால் பெரும் பதிப்பின் நான்காம் வட்டில் மோனோ பாடத்தையும் சேர்த்தே தந்துள்ளனர். ஒப்புநோக்க விழைவோர்க்கு அது போதும். 2022ஆம் ஆண்டு வெளிவந்த 'ரிவால்வர்' தொகுதியின் மறுபதிப்பில், ஒரே தடத்தில் கலந்துவிட்ட ஒலிகளையும் கணினியின் கற்றல் திறனால் தனித்தனியே பிரித்தனர். கரைந்த உப்பை எடுக்க இயலாது என்று மேலே கூறினோம். இன்று ஓரளவு எடுக்கவும் முடிகிறது. முன்னதில் சான்றாகப் பழைய நாடா இருந்தது. பின்னதில் இருப்பது பொறியின் ஊகம். ஊகம் எத்துணை நுட்பமானதாயினும் ஏட்டுச் சான்றுக்கு நிகராகாது என்பதே பதிப்பாசிரியர் மரபு.

விடுபட்ட பாடல்களும் விடுபட்ட பெயர்களும்

இத்தொகுதிக்கென முதலில் பதிந்த பாடல்களுள் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', 'பென்னி லேன்' ஆகிய இரண்டும் 1967 பிப்ரவரியில் தனித்தட்டாக வெளியிடப்பட்டமையால் தொகுதியில் இடம்பெறவில்லை. அவற்றை விட்டது தம் தவறு என ஜார்ஜ் மார்ட்டின் பிற்காலத்தில் வருந்தியதுண்டு. அத்தனித்தட்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் முதலிடம் பெறவில்லை. முதலிடத்தை விடாது பற்றியிருந்தவர் எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க். அவர் 1936இல் நம் சென்னையில் பிறந்தவர் என்பது சுவையான செய்தி! மறுபதிப்பில் அவ்விரு பாடல்களும், அவை படிப்படியாக உருவான வரைவுகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

அட்டைப்படமும் ஒரு வரலாறு. ஓவியர் பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த் இணையர் அமைத்த அக்கூட்டத்தில் காந்தியடிகளின் உருவமும் இருந்தது. இந்தியர் மனம் புண்படும் என இ.எம்.ஐ. தலைவர் அஞ்சியமையால் அது நீக்கப்பட்டது. பின்னட்டையில் பாடல் வரிகள் முழுமையாக அச்சிடப்பட்டன. அந்நாளைய மெல்லிசைத் தட்டுகளில் இது புதுமை. பாட்டைக் கேட்டுவிட்டுப் போகாமல் படிக்கவும் வேண்டும் என்னும் எண்ணம் இதில் வெளிப்படுகிறது. அதே அட்டை, மெழுகுருவங்களை இரவல் தந்த காட்சிக்கூடத்தின் பெயரைக் குறிப்பிடுகிறது. ஐந்து மாதம் உழைத்த பொறியாளர் எமரிக்கின் பெயரையோ குறிப்பிடவில்லை. 1968ஆம் ஆண்டு சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருது அவருக்குக் கிடைத்தபோதுதான் அக்குறை ஓரளவு தீர்ந்தது.

தீராத குறை ஒன்று இருந்தது. இரண்டாம் பக்கத்தின் முதற்பாடலாகிய 'விதின் யூ விதவுட் யூ' ஜார்ஜ் ஹாரிசன் இயற்றியது. நால்வருள் அவரைத் தவிர வேறு எவரும் அதில் பங்கேற்கவில்லை. 1967 மார்ச் 15 அன்று தில்ருபா, தபலா, தம்பூரா முதலியவற்றை வாசித்தவர்கள் லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள். ஏசியன் மியூசிக் சர்க்கிள் என்னும் அமைப்பின் வாயிலாக வந்தவர்கள். தில்ருபா என்னும் பாரசீகச் சொல்லுக்கு உள்ளம் கவர்வது என்பது பொருள். வில்லால் இழைத்து வாசிக்கும் அதன் குழைவுகளைப் பின்தொடருமாறு எட்டு வயலின்களுக்கும் மூன்று செல்லோக்களுக்கும் மார்ட்டின் இசையமைத்தார். மேலைக் கலைஞர்க்கு அக்குழைவுகள் எளிதில் கைவரவில்லை. இத்துணை நுண்மையை அப்பாடலுக்கு வழங்கியவர்களின் பெயர் அட்டையில் ஓர் எழுத்தும் இல்லை. அரை நூற்றாண்டுக் காலம் அவர்கள் 'இந்திய இசைக்கலைஞர்' என்னும் பொதுப்பெயராலேயே குறிக்கப்பெற்றனர்.

மறுபதிப்பில் அப்பாடலின் முதல் பதிவு, பாடகர் குரல் சேராமல் இந்தியக் கருவிகளின் ஒலியோடு மட்டும் தரப்பட்டுள்ளது. ஹாரிசன் அக்கலைஞர்க்கு வாசிக்க வேண்டிய முறையை எடுத்துரைக்கும் பகுதியும் உள்ளது. குரலுக்குப் பின்னால் மறைந்திருந்த அவர்களின் வாசிப்பை இதில் நாம் தனியே கேட்கிறோம். நூறுமுறை கேட்ட பாடலில் புதியதொரு வாயில் திறந்தாற்போல் இருக்கிறது. ஐம்பதாம் ஆண்டு நினைவுகளையொட்டி அவர்தம் பெயர்களும் வெளிச்சத்துக்கு வந்தன. தில்ருபா வாசித்தவர்கள் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர். தம்பூரா புத்ததேவ் கன்சாரா. தபலா நட்வர் சோனி.