அடுப்புப் புகையும் பஞ்சுத் தூசியும்: மாநாட்டுக் கணக்கு தோட்டத்து வீட்டுக்குச் சொல்வது என்ன?

திருப்பூர், பல்லடம், அவிநாசி வட்டாரங்களில் பல சிறு விவசாயக் குடும்பங்களில் ஒருவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் நூற்பாலைக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறார். வீட்டில் விறகடுப்புப் புகை, ஆலையில் பஞ்சுத் தூசி என இரண்டும் மூச்சோடு உள்ளே போகின்றன. நொய்யலில் சாயக் கழிவு கலந்தபோது தண்ணீரின் நிறமே காட்டிக்கொடுத்தது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காற்றில் கலப்பது அப்படிக் கண்ணில் படுவதில்லை. அதைக் கருவி வைத்து அளக்க வேண்டும். அளந்த கணக்கைப் பத்துப் பேர் முன் வைத்துச் சரிபார்க்கவும் வேண்டும். அறிவியல் மாநாடுகள் இதற்காகவே நடக்கின்றன.

மாநாட்டில் நடப்பது என்ன?

காற்று மாசும் உடல்நலமும் பற்றி உலக சுகாதார நிறுவனம் தன் முதல் உலக மாநாட்டை 2018-இல் ஜெனீவாவிலும், இரண்டாவதை 2025 மார்ச்சில் கொலம்பியா நாட்டின் கார்த்தஹேனாவிலும் நடத்தியது. சுற்றுச்சூழலால் வரும் நோய்களை ஆராய்வோரின் சர்வதேசச் சங்கம் ஆண்டுதோறும் கூடுகிறது. அக்கூட்டம் 2022-இல் ஏதென்ஸிலும், 2023-இல் தைவானின் கோசியுங் நகரிலும் நடந்தது.

ஆராய்ச்சியாளர் தம் ஆய்வின் சுருக்கத்தைப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். தேர்வாகும் சிலருக்குப் பத்து, பதினைந்து நிமிடம் பேச இடம் கிடைக்கும். மற்றவர்கள் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்கு விளக்குவார்கள். பேச்சைவிடக் கேள்வி நேரமே முக்கியமானது. "புகையை எங்கே அளந்தீர்கள், சமையலறைச் சுவரிலா, பெண்ணின் தோளிலா? கணவர் பீடி குடிப்பவரா? ஒப்பிட்டுப் பார்க்க எந்த வீடுகளை எடுத்தீர்கள்?" என்று கேள்விகள் வரும். புதிய நெல் ரகத்தைப் பரிந்துரைக்கும்போது, ஒப்பீட்டுப் பாத்தியில் பழைய ரகம் என்ன விளைந்தது என்று விவசாயி கேட்பதில்லையா? அதே கேள்விதான். ஜெனீவாவில் பேசினால் பல்லடத்தில் புகை குறையுமா என்று கேட்பதும் நியாயமே. பேச்சினால் குறையாது. ஆனால் எந்தக் கணக்கு நிற்கும், எது நிற்காது என்பது அங்கே தெரிந்துவிடும்.

தமிழகத்தில் அளந்த புகை

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் இயங்கும் குழு இந்தத் துறையில் உலகறிந்தது. இக்குழுவினர் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்த கணக்கு 2002-இல் வெளியானது. விறகு, எரு முதலியவற்றில் சமைக்கும் நேரத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் நுரையீரல்வரை புகக்கூடிய தூசி 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம். நுண்தூசிக்கு ஒரு நாள் சராசரியாக இந்திய அரசு வைத்துள்ள வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. சமையல் நேர அளவையும் நாள் சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் தூரம் எவ்வளவு என்பது புரியும். நுண்தூசி என்பது தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரும் சளியும் இதைத் தடுத்து நிறுத்துவதில்லை.

அடுத்து, 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. நுண்தூசி 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைந்திருந்தது. இது இயல்பான வாழ்க்கையைப் பார்த்து எழுதிய கணக்கு. புகை குறைந்த வீடு வசதியுள்ள வீடாகவும் இருக்கலாம், அங்கே சாப்பாடும் நன்றாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை இதில் முழுதாகத் தீர்க்க முடியாது.

அதற்காகவே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் வீடுகளைப் பிரித்து ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள் இதில் சேர்ந்தனர். இந்தியாவில் இதற்குத் தேர்ந்தெடுத்த இடங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதத்துக்கு எரிவாயுவும் இலவசம். மீதிப் பேர் பழைய அடுப்பிலேயே சமைத்தனர். 2022-இல் முடிவு வெளிவந்தது. கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்தூசி 70.7-லிருந்து 23.9 மைக்ரோகிராமாக, அதாவது மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. ஆனால் குழந்தையின் சராசரி எடை ஒரு பக்கம் 2,921 கிராம், மறுபக்கம் 2,898 கிராம். இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்று ஆய்வாளர்களே எழுதினர். குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் தெளிவான குறைவு தெரியவில்லை என்று 2024-இல் அறிவித்தனர். நான்கு நாட்டில் பாடுபட்டு, எதிர்பார்த்தது வரவில்லை என்று சபையில் சொல்வது சின்ன காரியமல்ல.

அப்படியானால் புகை கெடுதல் இல்லையா? அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கணக்கின்படி 47 மைக்ரோகிராம் குறைந்தால் எடை சுமார் 19 கிராம்தான் கூடியிருக்க வேண்டும். சோதனையில் கண்ட வித்தியாசமும் இருபது கிராமை ஒட்டியே இருக்கிறது. இரண்டு கணக்கும் மோதவில்லை. வித்தியாசம் சிறிதென்பதால் தற்செயலிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலும் குழந்தை எடை ஒன்றை வைத்தே அடுப்பை எடைபோட முடியாது. நெடுங்காலம் புகை சுவாசித்தவர்களுக்கு நாள்பட்ட இருமல், மூச்சிரைப்பு, இருதய நோய் வருவது வேறு பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வீட்டுப் புகையால் 2020-இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்தச் சோதனையில் திருப்பூர்ப் பக்கத்துக்கு வேறொரு பாடமும் உண்டு. சிலிண்டர் இலவசமாக வீடு தேடி வந்ததால் அந்தப் பெண்கள் விறகை ஏறக்குறைய விட்டேவிட்டனர். நம் தோட்டத்து வீடுகளில் நடப்பது அதுவல்ல. சோறும் குழம்பும் எரிவாயுவில். வெந்நீருக்கும் மாட்டுத் தீவனம் வேகவைக்கவும் பருத்திமாரும் தென்னை மட்டையும். அரைகுறையாக மாறினால் பலனும் அரைகுறைதான். சிலிண்டர் விலை கட்டாதவர்கள் வெந்நீர் அடுப்பையாவது வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, காற்று வாட்டம் பார்த்து வெளியே போட வேண்டும். ஈர விறகு எரிப்பது கூடாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதுவதும் கூடாது.

திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம்

இனி ஆலைக்குப் போகிறவர்களைப் பார்ப்போம். நூற்பாலையில் பஞ்சு பிரிக்கும் இடத்திலும் சிக்கெடுக்கும் இடத்திலும் தூசி அதிகம். அதில் பஞ்சு மட்டுமல்ல, இலைத்துகளும் காய்த்தோடும் பாக்டீரியா நச்சும் கலந்திருக்கும். இதனால் வரும் நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும்; செவ்வாய், புதன் ஆக ஆகக் குறையும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் இதை ஆராய்ந்தவர் டாக்டர் ஷில்லிங். தொழில் சுகாதாரம் பற்றிய 1963 மாட்ரிட் மாநாட்டில் அவரும் பிற நாட்டு மருத்துவர்களும் கூடி இந்த நோயைப் பற்றிய அறிக்கையை முன்வைத்தனர். நெஞ்சு இறுக்கம் எப்போதாவது ஒரு திங்களில் வந்தால் ஒரு படி, எல்லாத் திங்களிலும் வந்தால் அடுத்த படி, மற்ற நாளிலும் நீடித்தால் அதற்கும் மேல் என்று ஷில்லிங் வகுத்த தரவரிசையை உலகின் பல நாடுகளில் பயன்படுத்தினர். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும்.

சாயப்பட்டறை விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கழிவுநீரைச் சுண்டக் காய்ச்சி உப்பைப் பிரிக்க நீராவி வேண்டும். அதற்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகு. தண்ணீரைக் காப்பாற்றும் வேலையே பக்கத்துத் தோட்டத்தின் மேல் புகையாக இறங்கினால், கொதிகலனின் தூசி பிரிக்கும் கருவி ஓடுகிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். புகை வந்த நாளையும் நேரத்தையும் காற்றடித்த திசையையும் மனுவில் குறிப்பிட வேண்டும்.

ஆலைக்குப் போகும் மகளுக்கோ மருமகளுக்கோ இருமல் விடாமல் இருந்தால், நெஞ்சு இறுகிய நாட்களை எட்டு வாரத்துக்கு நாட்காட்டியில் புள்ளி வைத்து வரலாம். புள்ளிகள் திங்களில் குவிந்தால் அந்த நாட்காட்டியுடன் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், எந்தப் பிரிவில் வேலை, எத்தனை ஆண்டாக என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் விறகடுப்பு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வது நல்லது. இரண்டு தூசியும் ஒரே நுரையீரலில் சேருவதால் மருத்துவருக்கு இரண்டும் தெரிந்தாக வேண்டும்.