மாத்திரை இலவசம், அந்த ஒரு நாள்? எச்.ஐ.வி. சிகிச்சையும் பயனாளியின் மனநிறைவும்

வேடசந்தூர் பக்கம் நூல் மில் ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு. தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், உடம்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு வந்து மாத்திரை வாங்க ஒரு நாள் சம்பளம் போகும். "மாசாமாசம் எங்கய்யா லீவு போட்டுப் போற?" என்று மேஸ்திரி கேட்டால் அதற்கும் ஒரு பதில் வேண்டும். மாத்திரை இலவசம்தான், அந்த ஒரு நாள் இலவசமில்லை.

எச்.ஐ.வி. சிகிச்சையில் பயனாளியின் மனநிறைவு ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே விடை. இது வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டிய சிகிச்சை. போய்வருவது பெரும்பாடாக இருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். நின்றால் ரத்தத்தில் வைரஸ் மறுபடி பெருகும்.

தூரம் குறைந்த கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தொடக்க மையங்களில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. திண்டுக்கல்காரர்களுக்கு அது ஓர் இரவுப் பயணம். பின்னர் மாவட்டங்களுக்கு ஏ.ஆர்.டி. மையங்கள் வந்தன. அவற்றிலிருந்து மருந்து மட்டும் பெற்றுக்கொள்ள, ஊருக்குப் பக்கத்து மருத்துவமனைகளில் இணைப்பு ஏ.ஆர்.டி. மையங்கள் வந்தன.

2020 கொரோனா ஊரடங்கின்போது, உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கவும், களப்பணியாளர்கள் மூலம் கொண்டுசேர்க்கவும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழிசெய்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு நடை, நான்காகக் குறையும்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான். மொசாம்பிக்கில் 2008 முதல் நோயாளிகளே சிறு குழுவாகச் சேர்ந்து, மாதம் ஒருவர் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கிவரும் முறை நடந்துவருகிறது.

பக்கத்தில் இருந்தால் போதுமா?

எல்லோருக்கும் போதாது. "நம்ம ஊர் ஆஸ்பத்திரியில யாராவது பாத்துட்டா?" என்ற பயத்தில், பக்கத்து மையத்தை விட்டுத் தூரத்து மையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. வீடு தேடி வரும் களப்பணியாளரைச் சிலருக்குப் பிடிக்கும். சிலருக்கோ, "யாரு வந்துட்டுப் போறாங்க?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பதே சங்கடம். ஆகவே நல்ல சேவை என்பது, எது வசதி என்று பயனாளியைக் கேட்டுச் செய்வது.

கேட்கிற விதமும் முக்கியம். மருந்து கொடுக்கும் ஊழியரே "சேவை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லாயிருக்குங்க" என்றுதான் பதில் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா, சந்தேகம் கேட்க நேரம் கிடைத்ததா என்று வேறொருவர் தனித்தனியாகக் கேட்டால்தான் உள்ளது வெளியே வரும்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை

• பல மாத மருந்து: பொதுவாக, சிகிச்சை தொடங்கி ஆறு மாதமாவது ஆகி, மாத்திரையை விடாமல் எடுத்து, வைரஸ் அளவும் கட்டுக்குள் இருந்தால் இதற்குத் தகுதி உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

• மையம் மாற்றம்: வேலை, திருமணம், இடமாற்றம் என எந்தக் காரணமானாலும் வேறு மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

• வைரஸ் அளவுப் பரிசோதனை: இதுவும் இலவசம். முடிவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது.

• ரகசியம்: எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10 அன்று. சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்வதும், உங்கள் நிலையைப் பிறரிடம் சொல்வதும், வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டுவதும் இச்சட்டப்படி தவறு. சட்டம் சொல்லும் விதிவிலக்குகள் மிகச் சில.

• புகார்: இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனைகளில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். சிகிச்சை மறுக்கப்பட்டால் மாநில அளவிலான குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். அவசர மருத்துவ நிலையில் கூடியவரை 24 மணி நேரத்துக்குள்.

சந்தேகமிருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குச் செல்லலாம்.

அந்த மில் தொழிலாளி மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "சார், எனக்கு மூணு மாச மாத்திரை சேர்த்துத் தர முடியுமா?" கேட்டால் வருடத்தில் எட்டு நாள் சம்பளம் மிஞ்சலாம். அதைவிட, சிகிச்சை நிற்காமல் ஓடும்.