தண்டனைக்கு அளவுகோல் எது?

குத்தாலத்திலிருந்து தெற்கே திருவாரூருக்குச் சென்ற மாணவர்கள், அங்குள்ள பெரிய கோயிலின் அருகே கல்லாலாகிய தேரொன்றைக் கண்டிருக்கக்கூடும். மனுநீதிச் சோழன் கதையை நினைவூட்டுவது அது. இளவரசன் ஊர்ந்த தேரின் சக்கரத்தில் அகப்பட்டுக் கன்று மாண்டது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது, அமைச்சர்கள் பிராயச்சித்தம் போதும் என்றனர், அரசன் இசையவில்லை. மகனென்று சலுகை காட்டாத அப்பெருமையை நாம் போற்றுகிறோம். எனினும், சட்டம் பயில்வோன் ஒன்று கேட்பான்: இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணினானா? இல்லை. அங்கே இழப்பு ஒன்றே அளவுகோலாயிற்று.

சோழர் காலக் கல்வெட்டுகள் சில வேறு வழி காட்டுகின்றன. வேட்டையில் அம்பு தவறிப் பட்டு ஒருவன் இறந்தால், எய்தவனைக் கொல்லாமல், கோயிலில் விளக்கெரிக்க ஆடோ பசுவோ அளிக்கும்படி தீர்ப்பாயிற்று. எண்ணம் எடை போடப்பட்டது.

இக்காலத்துக்கு வருவோம். அசட்டையாக வண்டி ஓட்டி ஓர் உயிரைப் போக்கியவனுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் அதிகபட்சமாக 2 ஆண்டுச் சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அவ்வரம்பை 5 ஆண்டாக உயர்த்தியது, அபராதமும் உண்டு. ஜெர்மனியிலும் வரம்பு 5 ஆண்டே. ஆயின் அங்கு அபராதத்தோடு விடவும் இடமுண்டு. இங்கிலாந்திலோ, அபாயகரமாக ஓட்டி உயிர் போக்கினால் 14 ஆண்டாயிருந்த வரம்பு 2022இல் ஆயுள் தண்டனையாயிற்று. வரம்புக்குள் எவ்வளவு என்பதற்கு அந்நாட்டு நீதிபதிகளுக்கு வகுத்துரைத்த நெறிமுறைகள் உள்ளன. இங்கும் அவை வேண்டுமென்று 2003இல் மாலிமத் குழு பரிந்துரைத்தது.

அபராதத்தில்தான் ஜெர்மனியிடம் கற்க வேண்டியது மிகுதி. அங்கே குற்றத்தின் கனம் நாட்களின் எண்ணிக்கையை நிர்ணயிக்கிறது. குற்றவாளியின் வருவாய், ஒரு நாளுக்குரிய தொகையை நிர்ணயிக்கிறது. 60 நாள் என்று தீர்ப்பானால், நாளொன்றுக்கு 30 யூரோ பெறுபவன் 1,800 யூரோ செலுத்துவான். 300 யூரோ பெறுபவன் 18,000 செலுத்துவான். நம் பக்கத்தில் பத்தாயிரம் ரூபாய் அபராதம் மிராசுதாருக்கு ஒரு விருந்தின் செலவு. நாற்று நடும் கூலியாளுக்கோ ஒரு பருவத்து உழைப்பு. இருவருக்கும் ஒரே தொகை விதிப்பதைச் சமநீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

குற்றம் மெய்ப்பட்ட பின், தண்டனையின் அளவைப் பற்றிக் குற்றவாளி கூறுவதையும் நீதிபதி கேட்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. அவ்விதி இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. வருவாயையும் குடும்ப நிலையையும் சொல்ல வேண்டிய வேளை அதுவே. அதை அறியாத கூலியாள், பேசாமல் தலை குனிந்து நின்றுவிடுகிறான்.